சிறைக் காவலரின் குடும்பத்துக்குச் சட்டம் எதைத் தருகிறது? அமெரிக்க நிலவரம்: ஒரு விளக்கம்

அமெரிக்காவில் மே மாதத்தின் முதல் முழு வாரம் சிறைக் காவலர்களையும் சிறைப் பணியாளர்களையும் போற்றும் வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆளுநர்கள் அறிக்கை வெளியிடுகிறார்கள். பணியில் உயிரிழந்தவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். 2025-இல் அந்த வாரம் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நியூயார்க் மாநில அரசு, வேலைநிறுத்தத்திலிருந்து திரும்ப மறுத்த ஏறத்தாழ 2,000 சிறைக் காவலர்களைப் பணிநீக்கம் செய்திருந்தது. கைவிலங்கிடப்பட்டிருந்த கைதி ஒருவரை அடித்துக் கொன்றதாக அதே மாநிலத்தின் காவலர்கள் சிலர் மீது கொலைக் குற்றச்சாட்டும் பதிவாகியிருந்தது.

இவர்கள் பாராட்டுக்கு உரியவர்களா, குற்றம் சாட்டப்பட்டவர்களா, அல்லது தங்கள் குறையைச் சொல்ல வழியற்றுப்போன தொழிலாளர்களா என்று செய்திகளைப் படிப்பவர் குழம்புவது இயல்பு. அந்தக் குழப்பத்தை அடிப்படையிலிருந்து அவிழ்க்க இக்கட்டுரை முயல்கிறது. சிறைக் காவலருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் ஒரு நாடு எவ்வளவு மதிப்புத் தருகிறது என்பதை மே மாத அறிக்கைகளைக் கொண்டு அளக்க முடியாது. வேலைநேரம், காயம், மரணம் ஆகிய மூன்றையும் சட்டம் எப்படி வரையறுத்திருக்கிறது என்பதைக் கொண்டுதான் அளக்க முடியும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

யார், எங்கே பணியாற்றுகிறார்கள்?

அமெரிக்காவில் ஒரே சிறைத்துறை என்று ஒன்று கிடையாது. நிர்வாகம் மூன்று அடுக்குகளாகப் பிரிந்திருக்கிறது.

1. கவுண்டிச் சிறைகள். கவுண்டி என்பது மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு. பெரும்பாலும் ஷெரிஃப் எனப்படும் அதன் காவல் தலைவருடைய அலுவலகத்தின் கீழ் இயங்குபவை. விசாரணைக் கைதிகளும், பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்களும் இங்கே இருப்பார்கள்.

2. மாநிலச் சிறைகள். நீண்ட காலத் தண்டனை பெற்றவர்களுக்கானவை. நாட்டின் கைதிகளில் பெரும்பகுதியினர் இவற்றில்தான் இருக்கிறார்கள்.

3. கூட்டாட்சிச் சிறைகள். கூட்டாட்சிச் சட்டங்களை மீறியவர்களுக்கானவை. 1930-இல் நிறுவப்பட்ட கூட்டாட்சிச் சிறைகள் பணியகம் இவற்றை நடத்துகிறது.

இவற்றுக்கு அப்பால் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் நடத்தும் சிறைகளும் உள்ளன. எல்லாவற்றையும் சேர்த்தால், எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைக் காக்கும் பணியில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய சம்பளம், ஓய்வூதியம், பாதுகாப்புச் சாதனம், பணியில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது என அனைத்தும் அவர்கள் எந்த அடுக்கில், எந்த மாநிலத்தில் வேலை பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

அன்றாட வேலை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைகளை எண்ணுவது, அறைகளைத் திறந்து மூடுவது, சோதனையிடுவது, உணவுக்கூடத்துக்கும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்வது, சண்டையை விலக்குவது ஆகியவை வெளியே தெரிந்தவை. ஒரு கைதி தூக்கில் தொங்கினால் முதலில் கயிற்றை அறுப்பவரும், போதைப்பொருள் மிகுந்து மூச்சு நின்றவருக்கு முதலில் உயிர்காப்பு மருந்து கொடுப்பவரும் அதே காவலர்தான் என்பது பலருக்குத் தெரியாது. சிறைக்குள் கைதிகளிடையே நடமாடும் காவலர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. பறிக்கப்பட்டுவிடும் என்பதே காரணம். தெருவில் இருக்கும் போலீஸ்காரரின் நல்ல வேலையைப் பத்துப் பேராவது பார்ப்பார்கள். சிறைக் காவலர் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியதைப் பார்க்கச் சுவருக்கு வெளியே யாரும் இல்லை. அதனால் இந்தத் தொழில் செய்திக்கு வருவது, ஏதோ ஒன்று கெட்டுப்போன நாளில் மட்டும்தான்.

1984-ஆம் ஆண்டுப் பிரகடனம்

சிறைக் காவலர்களைப் போற்றும் மே மாத வாரத்தை முதலில் அறிவித்தவர் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரேகன். 1984 மே மாதத்தில் அவர் வெளியிட்ட பிரகடனம் காவலர்களை மட்டுமே குறித்தது. 1996-இல் சிறைகளின் மற்ற ஊழியர்களையும் சேர்த்து அதன் பெயர் விரிவாக்கப்பட்டது. இந்த விரிவாக்கம் தேவையான ஒன்று. சிறைக்குள் இருக்கும் ஆசிரியர், செவிலியர், சமையற்கூட மேற்பார்வையாளர் ஆகியோரும் அதே ஆபத்துக்கு நடுவில்தான் வேலை செய்கிறார்கள். கூட்டாட்சிச் சிறைகளிலோ ஆள் பற்றாக்குறை ஏற்படும்போது அவர்களையே காவல் பணிக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது.

இதற்கு அடுத்தாற்போல் மே 15-ஆம் தேதி சட்டக் காவலர் நினைவு நாள் வருகிறது. கென்னடி காலத்தில், 1962-இல் ஏற்படுத்தப்பட்டது. வாஷிங்டன் நகரில் 1991 அக்டோபரில் திறக்கப்பட்ட தேசிய நினைவகத்தின் பளிங்குச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ள 23,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் சிறைக் காவலர்களின் பெயர்களும் உண்டு. போலீஸ்காரருக்கும் சிறைக் காவலருக்கும் ஒரே சுவரில் இடம் தரப்பட்டிருப்பதைச் சிறைக் காவலர் குடும்பங்கள் பெரிதாக மதிக்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் பிரகடனம் என்பது சட்டப்படி யாருக்கும் எந்த உரிமையையும் உருவாக்குவதில்லை. நிதி ஒதுக்குவதில்லை, ஒரு காவலர் பணியிடத்தைக்கூட நிரப்புவதில்லை. உரிமைகள் வேறு இடங்களில், வேறு சட்டங்களில் இருக்கின்றன.

வேலைநேரம்: 171 மணி நேரம்

அமெரிக்கத் தொழிலாளர் ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு ஊதியம் பெற வேண்டும் என்பது நியாயத் தொழில் தரநிலைச் சட்டத்தின் பொது விதி. அச்சட்டத்திலேயே அரசின் சட்ட அமலாக்கப் பணியாளருக்கென்று ஒரு விதிவிலக்கு உண்டு. சிறைகளின் பாதுகாப்புப் பணியாளர்கள் அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதன்படி நிர்வாகம் 28 நாள்களை ஒரே வேலைக்காலமாகக் கணக்கிடலாம். அந்தக் காலத்தில் 171 மணி நேரத்தைத் தாண்டிய பிறகே கூடுதல் விகித ஊதியம் கட்டாயமாகிறது. வாரக் கணக்கில் பார்த்தால் இது 42 மணி 45 நிமிடம். எல்லா நிர்வாகங்களும் இந்த விதிவிலக்கைப் பயன்படுத்துவதில்லை. தொழிற்சங்க ஒப்பந்தங்கள் மேம்பட்ட விதிகளைத் தருவதும் உண்டு.

இதைவிட முக்கியமானது அந்தச் சட்டம் சொல்லாமல் விட்டது. வயது வந்த ஒருவரிடம் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அது உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. கூடுதல் ஊதியம் கொடுக்கத் தயாராக இருக்கும் நிர்வாகம், ஒருவரை எவ்வளவு நேரமும் பணியில் நிறுத்தலாம். இங்கேதான் கட்டாய மேலதிகப் பணி நுழைகிறது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மாற்று ஆள் வரவில்லை என்றால், இருக்கும் காவலர் அடுத்த ஷிஃப்டையும் பார்க்க வேண்டும். மறுத்துவிட்டுக் கிளம்பினால் பணியிடத்தைக் கைவிட்ட குற்றமாகும்.

இதன் சுமை வீட்டில்தான் முதலில் இறங்குகிறது. எட்டு மணி நேரத்தில் திரும்புவேன் என்று போனவர் பதினாறு மணி நேரம் கழித்து வந்தால், பள்ளியிலிருந்து குழந்தையை யார் அழைத்து வருவது, முதியவருக்கு மருந்து கொடுப்பது யார் என்ற ஏற்பாடுகள் அனைத்தும் துணைவரின் தலையில் விழுகின்றன. அவரும் வேலைக்குப் போகிறவராக இருந்தால், ஒருவருடைய சிறை வேலைக்காக இன்னொருவர் தம் வேலையின் நேரத்தையும் சில சமயம் வேலையையே விட்டுக்கொடுக்க நேர்கிறது. கூடுதல் ஊதியம் வருகிறதே என்று சொல்பவர்கள், அந்தப் பணத்தைச் சம்பாதிப்பவர் அதைச் செலவிட வீட்டில் விழித்திருப்பதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணியிடப் பாதுகாப்பிலும் இப்படியோர் இடைவெளி இருக்கிறது. 1970-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டம் மாநில, உள்ளாட்சி அரசுகளின் ஊழியர்களை நேரடியாக உள்ளடக்கவில்லை. மாநிலம் தானே விரும்பித் தன் ஊழியர்களுக்கான பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்துக் கூட்டாட்சியின் ஒப்புதலைப் பெற்றிருந்தால்தான் பாதுகாப்பு உண்டு. நியூயார்க் அப்படி ஒரு திட்டம் வைத்திருக்கும் மாநிலம். நாட்டின் ஏறத்தாழ பாதி மாநிலங்களில் அது இல்லை. தனியார் தொழிற்சாலையில் கையுறை இல்லை என்று புகார் கொடுக்க ஒரு கதவு இருக்கிறது. அம்மாநிலங்களில் சிறைக் காவலருக்கு அந்தக் கதவு இல்லை.

நீதிமன்றமும் இதில் துணைக்கு வரவில்லை. அடைத்து வைத்திருக்கும் கைதியின் கடுமையான மருத்துவத் தேவைகளை அரசு வேண்டுமென்றே புறக்கணிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. தன் விருப்பப்படி மருத்துவரைத் தேடிப் போக முடியாதவருக்கு அந்தப் பொறுப்பை அரசு ஏற்பது சரியான நெறி. ஆனால் 1992-இல் டெக்சாஸ் மாநிலத்தின் நகராட்சித் தொழிலாளர் ஒருவருடைய மரணம் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம், பாதுகாப்பான பணியிடத்தை அரசு தன் ஊழியருக்குத் தர வேண்டும் என்று அரசியலமைப்பு கட்டாயப்படுத்தவில்லை என்றது. ஆக, காவலரின் பாதுகாப்பு முழுக்கச் சட்டமன்றத்தின் விருப்பத்தையும் பேச்சுவார்த்தையின் வலிமையையும் நம்பியிருக்கிறது. கைதிக்கு இருக்கும் உரிமையைக் குறைத்து இந்தக் குறையை நிரப்ப முடியாது. அந்த ஆசை அரசியல் மேடைகளில் அடிக்கடி எழுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அட்டிகா: ஒரு காசோலையின் கதை

குடும்பங்களுக்கு அரசு தரும் மரியாதை எப்படித் தடம் மாறக்கூடும் என்பதற்கு, நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சற்று விரிவாகவே பார்க்கலாம்.

1971 செப்டம்பர் 9 அன்று அட்டிகாவின் கைதிகள் கிளர்ந்தெழுந்து, காவலர்களையும் பிற ஊழியர்களையும் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். நான்கு நாள் பேச்சுவார்த்தை முறிந்த பிறகு, செப்டம்பர் 13 அன்று ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் ஒப்புதலுடன் மாநிலப் போலீசார் கண்ணீர்ப்புகைக்கு நடுவே சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தனர். அந்தத் தாக்குதலில் 39 பேர் இறந்தார்கள்: கைதிகள் 29 பேர், பிணைக்கைதிகளாக இருந்த ஊழியர்கள் 10 பேர். முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்து மொத்தம் 43 உயிர்கள் பலியாயின.

கைதிகள் பிணைக்கைதிகளின் கழுத்தை அறுத்துக் கொன்றுவிட்டார்கள் என்றுதான் அதிகாரிகள் முதலில் அறிவித்தார்கள். பிரேதப் பரிசோதனை வேறு உண்மையைச் சொன்னது: அந்தப் பத்துப் பேரும் இறந்தது துப்பாக்கிக் குண்டுகளால். கைதிகளிடம் துப்பாக்கி இல்லை. அரசின் ஊழியர்கள் அரசின் குண்டுகளாலேயே இறந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். துக்கத்திலிருந்த மனைவிமாருக்கு அரசிடமிருந்து சிறிய தொகைக்கான காசோலைகள் வந்தன. உடனடித் தேவைக்காகப் பலர் அவற்றை மாற்றிக்கொண்டார்கள். அவை தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அந்தச் சட்டத்தில் ஒரு பேரம் அடங்கியிருக்கிறது: யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே ஊழியருக்கோ குடும்பத்துக்கோ இழப்பீடு கிடைக்கும், அதற்கு ஈடாக முதலாளி மீது வழக்குத் தொடரும் உரிமை பறிபோகும். காசோலையை மாற்றியதே அந்த இழப்பீட்டைத் தேர்ந்தெடுத்ததாகக் கொள்ளப்பட்டு, அரசின் மீது வழக்குத் தொடரும் வழி அக்குடும்பங்களுக்கு மூடப்பட்டது. காசோலையை ஏற்காத ஒரு மனைவி மட்டும் வழக்கு நடத்தி, பல ஆண்டுகளுக்குப் பிறகு வென்றார்.

கைதிகள் தொடுத்த வழக்கு, 2000-இல் 80 இலட்சம் டாலர் இழப்பீடும் வழக்கறிஞர் செலவுக்கு 40 இலட்சம் டாலரும் என்ற உடன்பாட்டில் முடிந்தது. அதே ஆண்டில்தான் உயிர்தப்பிய ஊழியர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் 'அட்டிகாவின் மறக்கப்பட்ட பலியாளர்கள்' என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். அவர்கள் அரசிடம் முன்வைத்தவை ஐந்து:

1. அரசின் மன்னிப்பு.
2. மூடி வைக்கப்பட்டிருக்கும் ஆவணங்களைத் திறத்தல்.
3. தேவைப்படுவோருக்கு உளவியல் ஆலோசனை.
4. சிறைவாயிலில் ஆண்டுதோறும் நினைவஞ்சலி நடத்த அனுமதி.
5. இழப்பீடு.

2005-இல் 1 கோடியே 20 இலட்சம் டாலர் உடன்பாடு ஏற்பட்டது. மன்னிப்பு அதில் இல்லை. அந்தப் பட்டியலின் உள்ளடக்கத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஐந்தில் ஒன்றுதான் பணம். மற்ற நான்கும், என்ன நடந்தது என்று உண்மையாகச் சொல்லுங்கள், நாங்கள் சுமந்ததை ஒப்புக்கொள்ளுங்கள் என்பதன் வெவ்வேறு வடிவங்கள். முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் எழுதிய இந்தப் பட்டியலே, சிறைக் காவலர் குடும்பங்களுக்கு மரியாதை செய்ய நினைக்கும் எந்த அரசுக்கும் போதுமான வரைவு என்று நான் கருதுகிறேன்.

மரணமும் காயமும்: சட்டத்தின் வரையறைகள் விரிந்த வரலாறு

1976-இல் இயற்றப்பட்ட பொதுப் பாதுகாப்பு அலுவலர் நலச் சட்டம், பணியில் ஏற்பட்ட காயத்தால் உயிரிழக்கும் அலுவலரின் குடும்பத்துக்குக் கூட்டாட்சி அரசு ஒரே தவணையில் ஒரு தொகை வழங்க வகை செய்தது. போலீசார், தீயணைப்பு வீரர்களுடன் சிறைக் காவலர்களும் இதில் அடங்குவர். மாநில, கவுண்டி ஊழியர்களுக்கும் இது பொருந்தும். தொடக்கத்தில் 50,000 டாலராக இருந்த தொகை 2001-இல் 2,50,000 டாலராக்கப்பட்டு, விலைவாசிக்கேற்ப ஏறி இப்போது 4 இலட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. துணைவரும் பிள்ளைகளும் இருந்தால் பாதி துணைவருக்கும் பாதி பிள்ளைகளுக்கும் போகும். அவர்களின் உயர்கல்விக்கான உதவி தனி.

தொகையைவிட, 'பணியில் ஏற்பட்ட காயம்' என்பதன் எல்லை எப்படி நகர்ந்தது என்பதே இச்சட்டத்தின் உண்மையான வரலாறு.

1. முதலில் அது வெளிப்படையான உடற்காயத்தை மட்டுமே குறித்தது: கத்திக்குத்து, அடி, விபத்து.

2. 2003-இல் வந்த திருத்தம், கடும் உடலுழைப்போ நெருக்கடியோ நிறைந்த பணியின்போது, அல்லது அதற்குப் பின் 24 மணி நேரத்துக்குள், ஏற்படும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பணிசார் மரணமாக அனுமானிக்க வழிசெய்தது.

3. 2020-இல் கோவிட் தொற்றால் இறந்த அலுவலர்களுக்கும் இத்தகைய அனுமானம் கொண்டுவரப்பட்டது. இடைவெளி விட்டு நிற்கவே இடமில்லாத சிறைகளில் பணியாற்றியவர்களின் குடும்பங்களுக்கு இது பெரிய மாற்றம்.

4. 2022 ஆகஸ்டில் கையெழுத்தான பொதுப் பாதுகாப்பு அலுவலர் ஆதரவுச் சட்டம் மிகக் கடினமான கதவைத் திறந்தது. அதுவரை தற்கொலை என்றால் உரிமை இல்லை. பணியில் கண்ட கொடுமையான நிகழ்வால் மனநலம் பாதிக்கப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவரின் குடும்பமும், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உரிமை கோரலாம் என்றும், அத்தகைய மனப்பாதிப்பால் நிரந்தரமாக முடங்கியவரும் கோரலாம் என்றும் அச்சட்டம் ஏற்றது.

நான்காவது திருத்தத்தின் அருமை, சிறை வேலை மனத்துக்கு என்ன செய்கிறது என்பதை அறிந்தால்தான் விளங்கும். 2013-இல் வெளியான, நாடு தழுவிய ஒரு கருத்தாய்வில் பங்கேற்ற சிறைப் பணியாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. தாமாக முன்வந்து பதிலளித்தவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு என்பதால் அந்த விகிதத்தை அப்படியே அனைவருக்கும் பொருத்தக்கூடாது. ஆனால் குடும்பங்கள் சொல்லும் அறிகுறிகளோடு அது ஒத்துப்போகிறது: உணவகத்தில் கதவைப் பார்த்தபடியே உட்காருவது, தோளைத் தொட்டால் துள்ளி எழுவது, அன்று என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பது. உதவி கேட்டால் பணிக்குத் தகுதியற்றவர் என்று முத்திரை விழுமோ என்ற பயம் வாயை அடைக்கிறது. அதனால்தான், அதே வேலையைச் செய்து பயிற்சியும் பெற்ற சக காவலர்களைக் கொண்ட ஆதரவுக் குழுக்களும், அவர்களிடம் பேசியது மேலதிகாரிக்குப் போகாது என்று உறுதி தரும் சட்டங்களும் சில மாநிலங்களில் வந்திருக்கின்றன. துணைவர்களையும் சேர்த்துக்கொள்ளும் குழுக்கள் இன்னும் குறைவு. மாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பவர் வீட்டில் இருப்பவர்தான் என்பதால், இது சரிசெய்ய வேண்டிய குறை.

ஓய்வூதிய விதிகளும் ஒரு வகை ஒப்புதலே. கூட்டாட்சிச் சிறை ஊழியர்கள் சட்ட அமலாக்க அலுவலர்களாகக் கருதப்படுவதால் 20 ஆண்டுப் பணியுடன் 50 வயதிலேயே ஓய்வு பெறலாம். 57 வயதில் ஓய்வு கட்டாயம். இந்த வேலை உடலையும் மனத்தையும் விரைவில் தேய்க்கிறது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது. பல மாநிலங்களில் அதே வேலைக்கு இந்தத் தகுதிநிலை கிடையாது.

ஒரு தொகுதியில் ஒரே ஆள்

2013 பிப்ரவரி 25 அன்று பென்சில்வேனியாவின் கனான் கூட்டாட்சிச் சிறையில் எரிக் வில்லியம்ஸ் என்ற காவலர், நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்த சிறை அறைத் தொகுதியில் தனியாகப் பணியில் இருந்தபோது, ஒரு கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். அவரிடம் இருந்தவை வயர்லெஸ் கருவி, கைவிலங்கு, சாவிக்கொத்து. தாக்குபவரைச் சிறிது நேரமாவது நிறுத்தக்கூடிய பெப்பர் ஸ்பிரேகூட இல்லை. அவருடைய பெற்றோரும் காவலர் சங்கங்களும் தொடர்ந்து முயன்றதால், ஆபத்தான சிறைகளின் காவலர்களுக்குப் பெப்பர் ஸ்பிரே வழங்கும் சட்டம் அவர் பெயராலேயே 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மகனை இழந்த பெற்றோர் கேட்டது ஒரு சிறு புட்டியை. அதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அவர் ஏன் அங்கே தனியாக இருந்தார் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. அதற்கு ஆள் நியமனமும் நிதியும் வேண்டும்.

நியூயார்க், 2025: எல்லாம் ஒன்றாக மோதிய இடம்

இப்போது தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வரலாம். நியூயார்க் சிறைக் காவலர்களின் வேலைநிறுத்தம் 2025 பிப்ரவரி 17 அன்று தொடங்கி மாநிலத்தின் பெரும்பாலான சிறைகளுக்குப் பரவியது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் நடந்த நிறுத்தம் அது. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதை 1967-ஆம் ஆண்டின் டெய்லர் சட்டம் தடைசெய்கிறது. நிறுத்தம் செய்த ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். ஆளுநர் கேத்தி ஹோக்கல் தேசியக் காவல்படையினரை ஆயிரக்கணக்கில் சிறைகளுக்கு அனுப்பினார். மார்ச் 10 அன்று நிறுத்தம் முடிவுக்கு வந்தது.

காவலர்களின் கோரிக்கைகளில் இரண்டு முதன்மையானவை. முதலாவது, 24 மணி நேரம் வரை நீண்ட கட்டாயப் பணி நிற்க வேண்டும். இரண்டாவது, தனிமைச் சிறையைத் தொடர்ச்சியாக 15 நாள்களுக்கு மேல் நீட்டிக்கக்கூடாது என்று 2022 முதல் நடைமுறையில் இருக்கும் மாநிலச் சட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும். அதனால் வன்முறை பெருகியது என்பது அவர்கள் வாதம். கைதிகளின் உரிமைக்காகப் பேசுவோர் இதை மறுத்தார்கள். நீண்ட தனிமை மனிதரைச் சிதைக்கிறது என்பதும், சிதைந்தவர் திரும்பவும் அதே தொகுதிக்கும் அதே காவலரிடமும்தான் வருகிறார் என்பதும் அவர்கள் தரப்பு.

இதே நாள்களில்தான் மார்சி சிறையில் 2024 டிசம்பரில் ராபர்ட் புரூக்ஸ் என்ற கைதி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் காவலர்கள் மீதான குற்றப்பத்திரிகை வெளியானது. சம்பவம் காவலர்களின் உடைக் கேமராக்களிலேயே பதிவாகியிருந்தது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் கொண்ட சினம் நியாயமானது. அந்தச் சினத்தின் நடுவே காவலர்களின் வேலைநேரக் குறை கேட்கப்படாமல் போனதும் உண்மை. நேர்மையாகப் பணியாற்றும் காவலருக்கு இத்தகைய வழக்கு நடப்பது இழுக்கு அல்ல. நடக்காமல் மூடப்பட்டால்தான் இழுக்கு. அப்படி மூடப்பட்டால், தன் சீருடையை அணிந்த ஒருவர் செய்த கொலைக்கு அந்த நேர்மையான காவலரும் பொறுப்பாளியாகப் பார்க்கப்படுவார், அவருடைய பிள்ளை பள்ளியில் அதைக் கேட்டு வரும்.

குடும்பங்களைப் பொறுத்தவரை, இந்த மோதலில் மிகக் கடுமையான நடவடிக்கை ஒன்று செய்திகளில் ஓரமாகவே வந்தது. பணிக்குத் திரும்பாதவர்களின் மருத்துவக் காப்பீட்டை ரத்துசெய்ய அரசு முடிவெடுத்தது; அவர்களைச் சார்ந்திருந்தவர்களின் காப்பீடும் அதில் அடங்கும். வேலையோடு மருத்துவக் காப்பீடு பிணைக்கப்பட்டிருக்கும் நாட்டில், நிறுத்தத்தில் ஈடுபடாத துணைவரும் சிகிச்சையிலிருக்கும் குழந்தையும் நேரடியாகத் தண்டிக்கப்படும் வழி இது. நிறுத்தம் சட்டவிரோதம் என்று கருதும் ஒருவர்கூட இதை ஏற்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம். சம்பளப் பிடித்தம், ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம் என்று ஊழியரைச் சேரும் தண்டனைகள் அரசின் கையில் ஏற்கெனவே இருந்தன.

செஸ்டர் சிறையின் முயற்சி

காவலரின் நலமும் கைதியின் நலமும் எதிரெதிர்த் தட்டுகளில் இருப்பவை என்ற எண்ணத்தைச் சோதிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. நார்வேயில் சிறைக் காவலராவதற்குச் சம்பளத்துடன் கூடிய இரண்டாண்டுப் படிப்பு உண்டு. சட்டம், உளவியல், நெறிமுறை எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்காவில் பயிற்சி வாரக்கணக்கில் முடிந்துவிடுகிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளின் முறையைப் பின்பற்றிப் பென்சில்வேனியாவின் செஸ்டர் மாநிலச் சிறையில் 2022-இல் ஒரு தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. கைதிக்குத் தனி அறை, பொதுச் சமையலறை, வழக்கமான தொகுதிகளைவிடப் பல மடங்கு அதிகமான காவலர் விகிதம் ஆகியவை அதன் அமைப்பு. அங்கே காவலர் கைதியின் பெயரையும் வழக்கையும் அறிந்திருக்க வேண்டும், பேச வேண்டும். ஒரே ஒரு பிரிவை வைத்து நாடு முழுமைக்கும் முடிவு சொல்ல முடியாது. அதிக ஆள்களை நியமிப்பதற்கான செலவை எந்தச் சட்டமன்றமும் எளிதில் ஏற்காது என்பதும் தெரிந்ததே.

உரிமை கோரும் குடும்பம் அறிய வேண்டியவை

1976-ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்பு அலுவலர் நலச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகத்தைச் சேர்ந்த நீதி உதவிப் பணியகத்துக்குச் செல்கிறது. நடைமுறையில் குடும்பங்கள் தடுமாறும் இடங்கள் சில:

1. மரணம் நிகழ்ந்து மூன்று ஆண்டுகளுக்குள் பொதுவாக விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு இது நீண்ட காலமல்ல.

2. பணியாற்றிய துறையும் தன் பங்குக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். துறை தாமதித்தால் விண்ணப்பம் தேங்கும். தாமதங்கள் குறித்த குறைகள் நெடுங்காலமாகவே இருந்துவருகின்றன.

3. மாநில இழப்பீட்டுத் தொகையை ஏற்பதற்கு முன், அதனால் எந்த வழக்குரிமை மூடப்படுகிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும்.

4. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கோருவதற்கு, பணியின்போது நேர்ந்த குறிப்பிட்ட கொடும் நிகழ்வோடு மனப்பாதிப்பைத் தொடர்புபடுத்திக் காட்ட வேண்டும். இருபது ஆண்டுகளில் பல தற்கொலைகளையும் தாக்குதல்களையும் கண்டவர், அவற்றில் எத்தனையைப் பதிவேட்டில் எழுதியிருப்பார் என்பது கேள்விக்குரியது. ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் முறையான அறிக்கை எழுதி, அதன் நகலை வீட்டில் துணைவர் அறிந்த இடத்தில் வைத்திருப்பதும், மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்த தேதிகளைக் குறித்து வைப்பதும் பிற்காலத்தில் அந்த விண்ணப்பத்துக்கு ஆதாரமாகும்.